ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரீல்ஸ் உலகத்துக்கு ஒரு 'வில்லி' தேவையா?

'மக்களே... நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ல இப்படி ஒரு கடை இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?'

ஆண்டாள் கோயில் கோபுர உச்சியில் ஆரம்பிக்கும் கேமரா, அப்படியே இறங்கி பால்கோவா கடாய்க்குள் போய் நிற்கும். ஒரு ஸ்பூன் வாய்க்குள் போகும். கண்ணை மூடி ஒரு தலையாட்டல். 'வாயில வெச்சதும் கரையுது மக்களே... வேற லெவல்!'

உங்கள் ஃபீடிலும் இது வந்திருக்கும். அடுத்த ரீலில் கடை மாறும், பின்னணிப் பாட்டு மாறும், ஆள் மாறுவார். அந்தத் தலையாட்டல் மட்டும் மாறவே மாறாது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்துக்குப் போனால் பால்கோவாவுக்குப் பதில் வெள்ளை நாய்க்குட்டி, பரோட்டா, மாம்பழத் தோப்பு, அய்யனார் அருவி. அங்கேயும் எல்லாமே வேற லெவல்தான். கமென்ட்டுக்குப் போனால் நெருப்பு எமோஜி, 'செம ப்ரோ', 'அருமை நண்பா'. போட்டவர்கள் யார் என்று ஒவ்வொரு ஐடியாகத் தட்டிப் பாருங்கள். அதே ஏரியாவில் ரீல்ஸ் போடும் மற்ற பசங்கள் நிறைய பேர் இருப்பார்கள்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க ஒரே வார்த்தை போதும். மொய்.

இன்றைக்கு நான் உங்கள் வீட்டு விசேஷத்தில் 501 எழுதினால், நாளைக்கு என் வீட்டு விசேஷத்தில் நீங்கள் அதற்குக் குறையாமல் எழுத வேண்டும். நோட்டு இருக்கிறது, கணக்கு இருக்கிறது. கமென்ட் பாக்ஸ் பாராட்டும் இப்படித்தான் ஓடுகிறது. நான் உனக்கு 'செம' போட்டேன், நீ எனக்கு 'தெறி' போடணும். போடலைன்னா அடுத்த மாசம் கொலாப் கிடையாது. இது இன்ஸ்டாகிராம் கண்டுபிடித்த பழக்கமும் இல்லை. 2000-களின் நடுவில் தமிழ் வலைப்பதிவுகள் கொடிகட்டிப் பறந்தபோதும், ஒருவருக்கொருவர் பின்னூட்டம் போட்டுக் கொள்வதைப் பற்றி இதே கிண்டல் இருந்தது.

மொய் தப்பா என்றால், இல்லை. ஒரு கல்யாணம் நடக்க அது உதவுகிறது. புதுசாக கேமராவைத் தூக்கிக் கொண்டு வரும் ஒரு கல்லூரிப் பையனுக்கு முதல் பத்து 'செம ப்ரோ' பெரிய தெம்பு. ஆனால் மொய் நோட்டைப் பார்த்து சாப்பாடு நன்றாக இருந்ததா என்று தெரிந்துகொள்ள முடியாது இல்லையா? அதைச் சொல்ல வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த இரண்டு ஊருக்கும் தேவையா, தேவை என்றால் அவர் உள்ளூர்க்காரராக இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

காது அறுத்த கதை

தமிழில் விமர்சகர் என்றதும் நினைவுக்கு வரும் பழைய கதை ஒன்று உண்டு. பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் கையில் எப்போதும் ஒரு துறட்டி வைத்திருப்பாராம். புலவர்களை வாதுக்கு அழைப்பாராம். தோற்றால் காது போச்சு. (பெயரைப் பார்த்து நம்ம ஊர்க்காரர் என்று நினைக்காதீர்கள். அவர் ஊர் திருமுனைப்பாடி நாட்டு சனியூர் என்பார்கள். பெரியாழ்வார் மேல் இருந்த பக்தியில் அந்தப் பெயரை வீட்டில் வைத்தார்களாம்.) கடைசியில் அருணகிரிநாதரிடம் வந்து மாட்டினார். அருணகிரிநாதர் அந்தாதி பாடப் பாட, வில்லி வரிசையாகப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். 54-வது பாட்டில் எல்லாமே 'த' வரிசை எழுத்துகள். வில்லி திக்கித் திணறி நின்றுவிட்டார். கணக்குப்படி அவர் காது போயிருக்க வேண்டும். அருணகிரிநாதர் அறுக்கவில்லை. இனிமேல் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம்.

செவிவழிக் கதைதான். ஆனால் 'விமர்சகர் வேண்டும்' என்று யாராவது சொன்னதும் நம்மில் பலருக்கு மனசுக்குள் வருவது இந்தத் துறட்டி உருவம்தான். 'ரோஸ்ட்' வீடியோக்கள் ஓடுவதும் அதனால்தான். யாராவது ஒருத்தர் காது அறுபடுவதைப் பார்க்க நமக்குப் பிடிக்கிறது. அறுப்பவருக்கு வியூஸ் வருகிறது. அடுத்த வாரம் அறுக்க ஆள் இல்லையென்றால் சும்மா இருக்கும் காதையும் அறுக்கத் தோன்றும்.

எனக்கு வேண்டிய விமர்சகர் அந்த வில்லி இல்லை. 54-வது பாட்டுக்குப் பொருள் தெரிந்து, துறட்டியை ஓரமாக வைத்த ஆள்.

தலையாட்டலுக்கு விலை யார் கொடுப்பது?

நாய்க்குட்டி ரீலை எடுத்துக்கொள்வோம். ராஜபாளையம் நாய்க்குப் பெருமை அதிகம். 2005-ல் அஞ்சல் துறை இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று. 2020 ஆகஸ்ட் 'மனதின் குரல்' உரையில் பிரதமர் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோதும் இந்தப் பெயர் வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, 'ஒரிஜினல் பிரீட் மக்களே, டிஎம் பண்ணுங்க'.

அந்த ரீல் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை வரும் வாய்ப்பு அதிகம். நிறத்தைத் தரும் அணுக்கள் உள்காதிலும் வேலை செய்ய வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால் காது கேட்காது. வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்கும்தான் அசல் என்று அதை மட்டுமே பார்த்து இனப்பெருக்கம் செய்தால், இந்தச் சிக்கலும் கூடவே வளரும். விஷயம் தெரிந்தவர்கள், குட்டி பார்க்காத பக்கமாக நின்று கைதட்டிப் பார்ப்பார்கள். திரும்பினால் மேற்கொண்டு பேசுவார்கள். அதோடு, வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம் இது. ஓட இடம் வேண்டும், வெளியாளைப் பார்த்தால் சும்மா இருக்காது. வேளச்சேரியில் டபுள் பெட்ரூம் ஃப்ளாட்டில் இருப்பவர் ரீலைப் பார்த்து பணம் அனுப்புகிறார். ஆறு மாதம் கழித்து அந்த நாயை என்ன செய்வார்?

ரீல் போட்டவருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. பணம் கட்டியவருக்கும் நாய்க்கும்தான்.

அடுத்தது அருவி. இரண்டு ஊருக்கும் மேற்கே மலை. சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988-ல் அறிவிக்கப்பட்ட காடு, இப்போது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் ஆறு, வத்திராயிருப்புப் பக்கம் சதுரகிரி என்று ரீல்ஸுக்குப் பஞ்சமில்லை. இந்த ஆறுகளின் குணம் உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். கீழே வெயில் அடித்துக்கொண்டு இருக்கும், மேலே மழை கொட்டியிருக்கும், சற்று நேரத்தில் ஓடையில் தண்ணீர் உருண்டு வரும். 2015 மே மாதம் சதுரகிரியில் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். 'யாருக்கும் தெரியாத சீக்ரெட் ஸ்பாட்' என்று ஓடைப் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுக்கும் 30 விநாடி வீடியோவில் இது வருவதில்லை. வனத்துறை அனுமதி வேண்டுமா, எந்த நாளில் விடுவார்கள் என்பதும் வருவதில்லை.

கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரும் யூடியூபருக்கு இது தெரியாது, சரி. 'மலை கருத்திருக்கு, ஆத்துல இறங்காதே' என்ற ஒரு வரியை வீட்டில் ஆச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்த பையன் ஏன் சொல்வதில்லை? சொல்லாதபோது 'டேய், இதை விட்டுட்டியே' என்று கேட்க அவன் வட்டத்தில் ஏன் யாரும் இல்லை? நான் தேடுவது அந்த ஒரு ஆளைத்தான்.

பால்கோவா விஷயம் இவ்வளவு ஆபத்தானது இல்லை, ஆனால் சுவாரஸ்யமானது. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும், அடுப்பும், கிண்டுகிற கையும்தான் மொத்தக் கதையே. பொருட்கள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது கடைக்குக் கடை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? அங்கேதான் ஒரு நல்ல விமர்சகருக்கு வேலையே ஆரம்பிக்கிறது. நாக்கில் பால் முந்துகிறதா, சர்க்கரை முந்துகிறதா? குறுணை தட்டுகிறதா, மாவு மாதிரி இருக்கிறதா? விறகடுப்பா, கேஸா? காலையில் கிண்டியதா, நேற்றையதா? நாலாம் நாள் எப்படி இருக்கும்? 'வாயில கரையுது' என்ற ஒரே வரியை எல்லாக் கடைக்கும் போட்டால், பாலைக் குறைக்காமல் பொறுமையாகக் கிண்டுகிற கடைக்காரருக்கு அதில் என்ன மரியாதை? ஊர் பெயரை மட்டும் டப்பாவில் ஒட்டி பஸ் ஸ்டாண்டில் விற்பவரும் அதே வரியைத்தான் வாங்கிக்கொண்டு போகிறார். குறை சொல்லாத ஊரில் முதலில் அடிவாங்குவது நல்ல சரக்குப் போடுகிறவர்தான்.

கோபுரம் யாருடையது?

இப்போது கொஞ்சம் வம்பான இடத்துக்கு வருவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பற்றி எந்த ரீலைத் திறந்தாலும் வரும் வாசகம், 'தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது நம்ம ஊர் கோபுரம்'. பதினோரு நிலைக் கோபுரம், பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே நாம் எல்லாரும் அப்படித்தான் படித்தோம். ஆனால் இதற்கு மறுதரப்பும் இருக்கிறது. முத்திரையை வரைந்த ஓவியர் ஆர்.கிருஷ்ணா ராவ், மாதிரியாக எடுத்துக்கொண்டது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்பது அந்தத் தரப்பு. பத்திரிகைகளில் பலமுறை பேசப்பட்ட சர்ச்சை இது.

எது சரி என்று இங்கே தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு, ஐம்பதாயிரம் ஃபாலோயர்ஸ் வைத்துக்கொண்டு, 'மக்களே, இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு' என்று ஒரு ரீல் போட யாருக்குத் தைரியம் வரும்? மறுநாள் டீக்கடையில் என்ன பேச்சு வாங்குவார்? ஊர்ப் பெருமையைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாவிட்டால், அந்த ஊர் கன்டென்ட் எல்லாம் கடைசியில் சுற்றுலாத் துறை போஸ்டர் மாதிரி ஆகிவிடும்.

விமர்சகருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. என்ன விட்டுப் போச்சு என்று சொல்வது. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய 'ஆமுக்த மால்யதா' ஆண்டாள் கதை, பெரியாழ்வார் கதை. அதைத் தமிழில் மொழிபெயர்த்து 1989-ல் சாகித்ய அகாடமியின் மொழிபெயர்ப்பு விருது வாங்கியவர் மு.கு.ஜகந்நாத ராஜா. ராஜபாளையத்துக்காரர். அதாவது ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்ணின் கதை தெலுங்குக்குப் போய், ராஜபாளையம் வழியாகத் தமிழுக்குத் திரும்பி வந்திருக்கிறது. இரண்டு ஊருக்கும் சேர்த்து இதைவிட நல்ல கன்டென்ட் கிடைக்குமா? இதைப் பற்றி எத்தனை ரீல் பார்த்திருக்கிறீர்கள்? சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியைப் பற்றி? பரோட்டா போரடிக்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் கேமரா இந்தப் பக்கம் திரும்பும்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

'இதுக்கெல்லாம்தான் ரூல்ஸ் இருக்கே' என்று கேட்கலாம். இருக்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பணம் மட்டுமில்லை, ஓசிப் பொருள், ஓசித் தங்கல், தள்ளுபடி எது வாங்கியிருந்தாலும் அதைப் பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை.

ஆனால் ஒரு தட்டு பிரியாணியும் இரண்டாயிரம் ரூபாயும் வாங்கிக்கொண்டு போட்ட ரீலைப் பிடிக்க டெல்லியிலிருந்து ராஜபாளையத்துக்கு யாரும் வரப்போவதில்லை. அது மட்டுமில்லாமல், சட்டத்தால் 'காசு வாங்கினியா' என்று கேட்க முடியும். 'ஏம்பா, பால்கோவாவைப் பத்தி ஒரு வரிகூடச் சொல்லாம ஒரு நிமிஷம் ஓட்டிட்டியே' என்று கேட்க முடியாது.

சரி, கேட்பவர் கதி என்ன ஆகும்? 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் 'ஃபுட்ஃபார்மர்' பக்கத்தில் போர்ன்விட்டாவில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி வீடியோ போட்டார். வக்கீல் நோட்டீஸ் வந்தது, வீடியோவை எடுத்துவிட்டார். ஆனால் விவாதம் நிற்கவில்லை, அந்த வருடக் கடைசியில் நிறுவனம் சர்க்கரையைக் குறைத்தது. சினிமாவில், 2024 நவம்பரில் 'கங்குவா' வந்த சூட்டில், தியேட்டர் வாசலில் யூடியூபர்கள் எடுக்கும் பப்ளிக் ரிவ்யூவுக்கே தடை வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அதெல்லாம் பெரிய இடத்துச் சண்டை. சின்ன ஊரில் வக்கீல் நோட்டீஸ் வராது, சித்தப்பா போன் வரும். 'அந்தக் கடைக்காரர் நமக்கு ஒரு வகையில சொந்தம்டா, அந்த வீடியோவை எடுத்துரு.' இந்த போனுக்கு எந்த நீதிமன்றத்திலும் தடை வாங்க முடியாது. உள்ளூர் விமர்சகர் என்று ஒருவர் இதுவரை உருவாகாமல் போனதற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான், திறமைக் குறைவு இல்லை.

ஒரு பழைய பத்திரிகை

சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' என்ற சிற்றிதழை ஆரம்பித்தார். அன்றைக்கு லட்சக்கணக்கில் விற்ற வார இதழ்கள் இருந்தன, கதைகள் குவிந்தன. எழுதுகிறவர்களுக்கு வாசகர் கடிதம் வந்தது, புகழ் வந்தது. இது நல்லாயிருக்கா, ஏன் நல்லாயிருக்கு என்று உட்கார்ந்து பேச மட்டும் இடமில்லை. செல்லப்பா அந்த இடத்தை உருவாக்க நினைத்தார், விமர்சனத்துக்கு முதல் மரியாதை கொடுத்தார். பணம் வரவில்லை. ஊர் ஊராகப் புத்தக மூட்டை தூக்கிக்கொண்டு போய் விற்றவர் அவர். 1970-ல் நிற்கும் வரை 119 இதழ்கள்.

இதில் எனக்குப் பிடித்த திருப்பம் வேறு. விமர்சனத்துக்காக வந்த பத்திரிகையில்தான் தமிழ்ப் புதுக்கவிதை வேர் பிடித்தது. ந.பிச்சமூர்த்திக்கு அங்கே இடம் கிடைத்தது, இலங்கையில் திருகோணமலையிலிருந்து பிரமிள் எழுதினார். கறாராகப் பேசுகிற ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தபோது, புதுசாக முயற்சி செய்பவர்கள் அங்கே தேடி வந்தார்கள். குறை சொன்னால் பசங்க ஓடிப்போவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

கூடவே ஒரு எச்சரிக்கையும். பத்து ஃபாலோயர் தாண்டாத ஒரு அக்கா தன் வீட்டுச் சமையலை எடுத்துப் போடுகிறார் என்றால் அவரை விமர்சகர் தொடக் கூடாது. தள்ளுவண்டி இட்லிக் கடை ஆச்சியையும்தான். பணம் வாங்குகிறவர், கூட்டத்தைத் திருப்பிவிடும் அளவுக்கு ஆள்பலம் உள்ளவர், ஆபத்தான இடத்துக்கு மக்களைக் கூப்பிடுகிறவர் ஆகியோரிடம்தான் அவருக்கு வேலை. விமர்சகரையும் மற்றவர்கள் விமர்சிக்கலாம். படங்களைக் கிழித்துத் தொங்கவிட்ட ப்ளூ சட்டை மாறன் 2021-ல் 'ஆன்டி இண்டியன்' இயக்கியபோது, ஊரே அவருக்கு ரிவ்யூ போட்டதே!

பன்னிரண்டு கிலோமீட்டர் யோசனை

சித்தப்பா போனுக்கு என்ன வழி? என்னிடம் ஒரு எளிய யோசனை இருக்கிறது. ராஜபாளையத்துப் பசங்க ஸ்ரீவில்லிபுத்தூர் ரீல்ஸைப் பார்த்து விமர்சனம் போடட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ராஜபாளையத்தைப் பார்க்கட்டும்.

சிரிக்காதீர்கள். சென்னைக்காரர் சொன்னால் 'உனக்கு என்னடா தெரியும்' என்று கேட்கலாம். பக்கத்து ஊர்க்காரரிடம் அப்படிக் கேட்க முடியாது. அவருக்கும் அதே மலை, அதே மழை, அதே பால். பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ தினமும் இந்த பஸ்ஸில்தான் போய் வருகிறார். அதே நேரம், அந்தக் கடை வாசலை மறுநாள் காலையில் அவர் கடந்துபோக வேண்டியதில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் ஏற்கெனவே லேசான கெத்துப் போட்டியும் இருக்கிறது. ராஜபாளையத்துக்காரர் 'இந்தக் கடையில சர்க்கரை தூக்கலா இருக்கு' என்று சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிப் பேர் கோபப்படுவார்கள், மீதிப் பேர் 'அவன் சொல்றதும் சரிதான்' என்பார்கள். பதிலுக்கு இவர்கள் நாய்க்குட்டி ரீலில் போய், 'காது கேக்குதான்னு கைதட்டிக் காட்டுங்க' என்று எழுதுவார்கள். கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் சாப்பாட்டைக் குறை சொல்வது மாதிரிதான். கோபமும் வரும், அடுத்த பந்திக்குள் உப்பும் சரியாகிவிடும்.

விதி என்று பார்த்தால் ஒன்றிரண்டு போதும். சொந்தக் காசில் சாப்பிட வேண்டும். விமர்சனம் எழுதும் தொழிலிலிருந்து கொலாப் வாங்கக் கூடாது. தப்பாகச் சொல்லியிருந்தால் அதே ஐடியில், அதே அளவு சத்தமாகத் திருத்திப் போட வேண்டும். மாதத்துக்கு ஒன்று போட்டாலும் போதும், தினமும் போட்டால்தான் துறட்டியைத் தேட வேண்டிவரும்.

எங்கே ஆரம்பிப்பது என்று ராஜபாளையத்தில் யாராவது யோசித்தால், கோபுர ரீல் ஒன்று இந்த வாரமும் உங்கள் ஃபீடில் வரும். கமென்ட் பாக்ஸ் திறந்துதான் இருக்கும்.